மூன்று மணி நேரமும் இருபது நிமிஷமும்

அமெரிக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் நயாகரா, டிஸ்னிலேண்ட், சுதந்திர தேவி சிலை என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பதினாறு வருஷமாக டெக்ஸாஸில் குடித்தனம் நடத்தும் எனக்கு அந்தப் பட்டியலெல்லாம் பார்த்து முடிந்தாயிற்று. ஆனால் "எந்த இடம் உங்க மனசில நின்னது?" என்று யாராவது கேட்டால், நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஒரு மலைச்சரிவில் இருக்கும் இருபதடி மண் பாதையைத்தான் சொல்வேன். சிரிக்காதீர்கள். அந்தப் பாதையைச் செப்பனிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. என் பெண்ணின் பங்கு என்னுடையதைவிடப் பெரிசு.

என் பெண்ணுக்கு அப்போது பதினாலு வயது. இங்குள்ள சாரணர் இயக்கத்தில் வெகுகாலம் பையன்களுக்கு மட்டுமே படைகள் இருந்தன. 2019 பிப்ரவரியில்தான் பெண்களுக்கென்று தனிப் படைகள் தொடங்கின. எங்கள் பேட்டையிலும் ஒன்று ஆரம்பித்தார்கள். இவள் அதில் சேர்ந்து, முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் கற்றுக்கொண்டிருந்தாள். 2023 கோடையில் அந்தப் படையிலிருந்து ஒன்பது பெண்கள் ஃபில்மான்ட் மலை முகாமுக்குப் பன்னிரண்டு நாள் நடைப் பயணம் புறப்பட்டார்கள். கூடப் பெரியவர்கள் இரண்டு பேர் போக வேண்டும். பெண்கள் குழு என்றால் அவர்களில் ஒருவராவது பெண்மணியாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒருத்திக்கு முட்டி வலி, இன்னொருத்திக்குக் கைக்குழந்தை, மற்றொருத்திக்கு ஆபீஸில் லீவு இல்லை. கடைசியில் ஒரு பெண்ணின் தாயார் முன்வந்தார். அவர் நர்ஸ். இன்னொருவருக்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்கறது. நீ மலை ஏறப் போறியா?" என்று சிரித்தார் என் கணவர். அந்தச் சிரிப்புக்காகவே சரி என்று சொல்லிவிட்டேன்!

நாலு மாசம் பயிற்சி. முதுகுப் பையில் முதலில் ஐந்து கிலோ அரிசி மூட்டை, அப்புறம் பத்து, அப்புறம் பதினைந்து என்று ஏற்றிக்கொண்டு பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மலையில் விடுவார்கள். உயரத்துக்குத் தகுந்த எடை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்குக்காக நான் இரவில் சாதத்தைக் குறைத்தது தனிக் கதை.

பணக்காரர் கொடுத்த மலை

டல்லாஸிலிருந்து சுமார் 600 மைல் வேனில் போனோம். வழியெல்லாம் தட்டை நிலம், புல், வானம். சிமரன் என்ற சின்ன ஊரை நெருங்கும்போது திடீரென்று மலைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை, கடைவாய்ப் பல் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். 'காலத்தின் பல்' என்று அதற்குப் பெயர். உயரம் 9,003 அடி. அந்தக் காலத்தில் சாந்தா ஃபே வண்டித்தடத்தில் போன வியாபாரிகளுக்கு அதுதான் அடையாளமாம்.

இந்த இடம் முழுக்க முன்பு வெயிட் ஃபிலிப்ஸ் என்ற எண்ணெய்ச் செல்வருடைய பண்ணை. அவர் 1938-இல் 35,857 ஏக்கரைச் சாரணர் இயக்கத்துக்குத் தானமாகக் கொடுத்தார். 1941-இல் மேலும் பெரும்பகுதியையும், தாம் வாழ்ந்த மாளிகையையும் கொடுத்துவிட்டார். இன்று மொத்தம் சுமார் 1,40,000 ஏக்கர். அன்று முதல் இதுவரை பத்து லட்சம் பேருக்கு மேல் இந்த மலைகளில் நடந்திருக்கிறார்கள். பத்து லட்சம் ஜோடிக் கனத்த பூட்ஸுகள் மிதித்தால் பாதை என்ன ஆகும்? என் கதைக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

தேங்காய் எண்ணெய்க்கும் தடை

முதல் சில நாட்களுக்கு ரேஞ்சர் என்று ஒரு வழிகாட்டி கூட வருவார். எங்களுக்கு வந்தது இருபது வயசு காலேஜ் பெண். முதல் இரவே எல்லாப் பைகளையும் கொட்டச் சொல்லி, வாசனை உள்ள சாமான்களைத் தனியே எடுத்தாள். கரடி நடமாடும் காடு. மோப்பம் பிடித்து வந்துவிடுமாம். சாப்பாடு மட்டுமா? பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு எல்லாம் ஒரு சாக்குப் பையில் போய், மரங்களுக்கு இடையே உயரத்தில் கட்டியிருந்த கம்பியில் தொங்கிவிட்டன.

நாங்கள் இருவரும் சைவம். அதனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, இறைச்சிக்குப் பதிலாக அவல், பருப்புப் பொடி, ரசப் பொடி எடுத்துப் போயிருந்தோம். ரசப் பொடியை முகர்ந்து பார்த்த அந்தப் பெண், "அம்மா, இதுக்கு நானே மரத்துல ஏறி வருவேன், கரடி வராதா?" என்றாள். என் தேங்காய் எண்ணெய்ச் சீசாவும் மேலே போனது. பன்னிரண்டு நாள் எண்ணெய் காணாத தலை!

பாத்திரம் கழுவுவதையும் சொல்ல வேண்டும். ஒரு பருக்கை கீழே விழக்கூடாது. கழுவிய தண்ணீரைக்கூட வடிகட்டி, மிஞ்சிய திப்பியைக் குப்பையோடு சேர்த்துக் கட்டிச் சுமக்க வேண்டும். நம் பாட்டிமார் "ஒரு பருக்கை வீணாக்கினா பாவம்" என்பார்களே, அதை இங்கே பாடமாகவே நடத்துகிறார்கள்.

எனக்குக் கஷ்டமான சட்டம் வேறொன்று. குழுவுக்குத் தலைவி பதினாறு வயசுப் பெண். எங்கே திரும்புவது, எப்போது சமைப்பது எல்லாம் அவள் சொல்படி. எங்களுக்கு 'அட்வைசர்' என்று பெயர். ஆனால் கேட்டால் ஒழிய அட்வைஸ் சொல்லக் கூடாது! வீட்டில் காலை ஆறு மணியிலிருந்து அட்வைஸைத் தவிர வேறெதுவும் பேசாத எனக்கு இது எத்தனை பெரிய தண்டனை, பாருங்கள்.

அம்பு முனை

பயணத்தை முடிப்பவர்களுக்கு அம்பு முனை வடிவத்தில் ஒரு துணி வில்லை தருகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் நடந்து முடித்தால் மட்டும் கிடைக்காது. காட்டைக் கெடுக்காமல் நடப்பேன் என்ற உறுதிமொழியைக் காப்பாற்ற வேண்டும். அதோடு, முகாம் ஊழியர்களின் மேற்பார்வையில் மூன்று மணி நேரம் காட்டுக்காக உழைத்திருக்க வேண்டும். அந்த வில்லையைக் குழந்தைகளுக்கு வழங்குவது யார் தெரியுமா? கூடப் போன பெரியவர்கள். அதாவது, நான்.

இங்கே என் பழைய குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருஷம் இவள் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி. மண் அரிப்பைக் காட்டும் மாதிரி ஒன்று செய்ய வேண்டும். ராத்திரி பத்து மணி வரை இவள் தடுமாறியதைப் பார்த்து, "நீ போய்ப் படு கண்ணு" என்று அனுப்பிவிட்டு, விடிய விடிய நானே செய்து முடித்தேன். முதல் பரிசு, வெள்ளிக் கோப்பை! நான் பூரித்துப் போனேன். அவளோ அந்தக் கோப்பையை அலமாரியில் பழைய ஸ்வெட்டர்களுக்கு அடியில் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது உன்னோடதும்மா" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

தரைக்கு வாட்டம்

ஏழாம் நாள் எங்கள் முறை வந்தது. இடம், 2018 மே 31-ஆம் தேதி பிடித்த யூட் பார்க் காட்டுத் தீயின் ஓரம். அந்தத் தீயில் 36,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதில் பெரும்பகுதி ஃபில்மான்ட் நிலம். அந்தக் கோடையில் நடைப் பயணங்கள் அத்தனையும் ரத்து. ஐந்து வருஷம் கழித்துப் போன எங்களுக்கும் கருகிய மரங்கள் கம்பம் கம்பமாகத் தெரிந்தன. ஆனால் அவற்றின் காலடியில் ஓக் புதர்கள் வேரிலிருந்து துளிர்த்துப் பச்சைப் பசேலென்று நின்றன. தீ தொடாத பக்கத்தில் பாண்டரோசா பைன் மரங்கள். வெயில் ஏறியதும் அவற்றின் பட்டையில் மூக்கை வைத்துப் பார்த்தால் வெனிலா வாசனை வருகிறது. கேக் செய்யும் சமையலறை மாதிரி!

வேலை வாங்குவதற்கு ஒரு மேஸ்திரி. அவளும் கல்லூரிப் பெண்தான், தலையில் தொப்பிக் கவசம், கையில் உறை. முதலில் எங்களைச் சரிவில் உட்கார்த்தி வைத்துச் சொன்னாள்:

"பாதைக்கு எதிரி காலடி மட்டும் இல்ல, மழைத் தண்ணியும்தான். ஆள் நடந்து நடந்து நடு பள்ளமாகும். பள்ளத்துல தண்ணி ஓடும். ஓடற தண்ணி மண்ணை அரிக்கும். காடு எரிஞ்ச இடத்துல இலைச் சருகு இல்லாததால தண்ணியைப் பிடிச்சு வைக்க ஒண்ணுமில்ல. பாதையே வாய்க்கால் ஆயிடும். அதனால தண்ணி பாதையோட நீளத்துக்கு ஓடாம, குறுக்கால தாண்டிக் கீழே இறங்கிப் போற மாதிரி செய்யணும்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஊரில் எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் குளியலறைத் தரைக்கு 'வாட்டம்' விடுவாரே, அதேதான்! மேட்டுப் பக்கம் கொஞ்சம் உயரம், பள்ளப் பக்கம் கொஞ்சம் தாழ்வு. பார்வைக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் குறுக்கு வழியில் ஏன் இறங்கக் கூடாது என்பதும் அன்றுதான் விளங்கியது. பத்துப் பேர் குறுக்கே இறங்கினால் புல் போகும், மழை அதையே வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும்.

ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து மாதிரி இருப்பது புலாஸ்கி. 1910-இல் வடமேற்கு மாநிலங்களில் மூண்ட பெருந்தீயின்போது, தம் ஆட்களைப் பழைய சுரங்கத்துக்குள் அழைத்துப் போய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வன அலுவலர் புலாஸ்கியின் பெயர் அதற்கு. இது தவிர கடப்பாரை, மண்வெட்டி. ஒருவர் கருவி இன்னொருவர் மேல் படாமல் தள்ளித் தள்ளி நின்றோம். ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பம்.

என் பெண்ணுக்கு வாய்த்தது ஒரு கல். பாதையின் கீழ் ஓரத்தில் மண் சரியாமல் தாங்குவதற்கு, பக்கத்தில் புதைந்திருந்த கல்லைப் பெயர்த்து வந்து பதிக்க வேண்டும். அவள் கொத்துகிறாள், கொத்துகிறாள், கல் அசையவில்லை. முகம் சிவந்துவிட்டது. என் கை பரபரத்தது. இரண்டு எட்டில் போய், "குடு கண்ணு, நான் பெயர்த்துத் தரேன்" என்று கருவியை வாங்கிவிட்டேன். நாலு கொத்துக்கூட ஆகியிருக்காது, மேஸ்திரிப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமே இல்லாமல், "அம்மா, உங்க மூணு மணி நேரம் வேற, அவளோட மூணு மணி நேரம் வேற" என்றாள். கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். என் பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பத்து மணி இருக்கும், அவள் நொண்டுவதைக் கவனித்தேன். இரண்டு நாளாகக் குதிகாலில் இருந்த கொப்புளம் உடைந்துவிட்டது. இதில் மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றி, சுத்தமான தண்ணீரில் கழுவி, மருந்து தடவி, நர்ஸம்மா சொன்னபடி நடுவில் ஓட்டை போட்ட பஞ்சுத் துண்டை வைத்து ஒட்டினேன். இருபது நிமிஷம் ஆயிற்று.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளை நெடுந்தூரம் நடக்க அனுப்பினால் புது பூட்ஸோடு அனுப்பாதீர்கள். ஒரு மாசமாவது போட்டுப் பழக்குங்கள். காலில் ஓரிடம் சுரீரென்று சுட ஆரம்பித்ததுமே நின்று அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் கொப்புளம் வருவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இவள் பூட்ஸ் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்தத் தப்பும் என்னுடையதே.

யார் கணக்குப் பார்ப்பது?

பன்னிரண்டு மணிக்கு மேஸ்திரி கை தட்டினாள். "மூணு மணி நேரம் முடிஞ்சுது. அருமையா செஞ்சிருக்கீங்க!" பதினோரு பேர் சேர்ந்து இருபதடிப் பாதையைச் செப்பனிட்டிருந்தோம். பெண்கள் கருவிகளைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு மூட்டையைத் தேடினார்கள். மேற்கே மேகம் திரளத் தொடங்கியிருந்தது. அந்த மலைகளில் கோடையில் பிற்பகல் இடி மழை சர்வசாதாரணம்.

என் பெண் மட்டும் நகரவில்லை. "எனக்கு இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு" என்றாள்.

"கால்ல புண்ணோட எதுக்கு? அதெல்லாம் யாரு கணக்குப் பார்க்கப் போறா?" என்று மெதுவாகத் தமிழில் சொன்னேன்.

"நீதாம்மா. நீதானே வில்லையைக் குடுக்கப் போறே?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "இதையும் ஸ்வெட்டருக்கு அடியில வெக்கணுமா?" என்று கேட்டாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தலைவிப் பெண் தன் கடிகாரத்தைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள், மேஸ்திரியைப் பார்த்தாள். "இருபது நிமிஷம் தாராளமா இருக்கு" என்றாள் மேஸ்திரி. மற்ற பெண்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சரிவில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார்கள்.

இவள் அந்தக் கல்லைச் சுற்றிக் கொத்தினாள். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினாள். கல் புரண்டது. உருட்டி வந்து, பாதை ஓரத்தில் தோண்டிய குழியில் இறக்கினாள். ஏறி நின்று பார்த்தாள். ஆடியது. மறுபடி வெளியே எடுத்து, குழியின் ஒரு பக்கத்தைச் செதுக்கி, சின்னக் கல் ஒன்றை அண்டை கொடுத்து, திரும்ப இறக்கினாள். அதுவும் ஆடியது. எனக்கு எங்கே தப்பு என்று தெரிந்தது, சகோதரிகளே! வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். மூன்றாம் தடவை ஏறி நின்றாள். கல் அசையவில்லை.

இவளைப் பெற்ற நாளிலிருந்து எத்தனையோ ராத்திரி கண் விழித்திருக்கிறேன், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த அந்த இருபது நிமிஷம் மாதிரி எதுவும் எனக்குக் கடினமாக இருந்ததில்லை.

அன்று பிற்பகல் கொட்டோ கொட்டென்று மழை. இடி முழங்கி ஓய்ந்ததும், மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோழிகள் இருவரோடு அரை மைல் நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மா, தண்ணி குறுக்கால தாண்டிக் கீழே போறதும்மா! பாதையில ஓடவே இல்ல!" என்றாள். கோப்பை வாங்கிய அன்று அந்த முகத்தில் நான் பார்க்காத சந்தோஷம்.

இடது கை

பன்னிரண்டாம் நாள் அடிவார முகாமுக்கு இறங்கி வந்தோம். ஒன்பது பெண்களையும் வரிசையாக நிறுத்தி வில்லைகளைக் கொடுத்தோம். சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். எனக்கோ நல்ல காரியத்தில் இடது கையை நீட்ட மனசு வராது. அதனால் வலது கையால் வில்லையைக் கொடுத்து, இடது கையால் குலுக்கினேன். என் பெண் கடைசியில் நின்றாள். மூன்று மணி நேரமும் உழைத்தாள் என்று யாருக்கு முன்னாலும் நான் சாட்சி சொல்வேன். நர்ஸம்மா எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் அழுதேன் என்று என் பெண் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள். மழைத் தூறல் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வில்லையை அவளுடைய சிவப்புக் கம்பளிச் சட்டையில் தைக்க ஊசியில் நூல் கோத்தேன். "நானே தைக்கறேம்மா" என்று வாங்கிக்கொண்டாள். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. வில்லை லேசாகச் சாய்ந்திருக்கிறது. ராத்திரி அவள் தூங்கின பிறகு பிரித்து நேராகத் தைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக் கோப்பை இப்போது என் தையல் மேஜையில் இருக்கிறது. அதில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் சாரணியர் படை உண்டு, 2001-இல் தொடங்கிய தேசிய பசுமைப் படை உண்டு. உங்கள் குழந்தை ஒரு மரக்கன்று நட்டுவிட்டு வருகிறேன் என்று மண்வெட்டியை எடுத்தால், கூடவே போங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள், காலில் அடிபட்டால் மருந்து போடுங்கள். குழியை மட்டும் அவளே தோண்டட்டும்.